முதல் ரசீது என் பெயரில்

1

போன வியாழக்கிழமை என் மகள் ஷீலா ஒரு பாங்குக்குப் போய் வந்தாள். இதையும் ஒரு விஷயமென்று எழுத உட்கார்ந்துவிட்டானே என்று சித்தூரில் இதைப் படிக்கிற நீங்கள் சிரிப்பீர்கள். சிரியுங்கள். இங்கிலாந்தின் இந்த லீட்ஸ் நகரத்தில் எனக்கு நடக்கும் பெரிய சம்பவங்களெல்லாம் இந்த அளவில்தான் இருக்கின்றன.

அவளுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது. அக்டோபரில் வேறு ஊர்க் கல்லூரிக்குப் போகிறாள். படிப்புக்காக அரசாங்கம் கொடுக்கும் பணம் மொத்தமாக ஒரு செக்காக வரும். அதை வைத்து வாடகையும் சாப்பாடும் புத்தகமும் பார்த்துக்கொள்ள வேண்டும். அதை எப்படிச் செய்வது என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கவே பாங்கில் ஓர் அதிகாரி இருக்கிறாராம். அவரைப் பார்க்க இவளே போன் செய்து நேரம் வாங்கிவிட்டாள். காலையில் நான் கோட்டை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்து, "நீங்க எதுக்கு டாடி?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். கோபமாகக் கேட்கவில்லை. புரியாமல்தான் கேட்டாள்.

அந்த அதிகாரிக்கு இருபத்தைந்து வயது இருந்தால் அதிகம். நான் அவனை மூன்று தடவை சார் என்று கூப்பிட்டேன். பொறுப்பான தகப்பனாகத் தெரிய வேண்டுமே என்று, "மை டாட்டர் இஸ் எ மேஜர் நவ்" என்றேன். நம்மூர் ஆங்கிலத்தில் அது சரியான வாக்கியம். அவன் மரியாதையாக, எந்தப் படைப்பிரிவு என்று கேட்டான். ஷீலாவின் காது சிவந்துவிட்டது. "அப்பாவும் கூட இருக்கட்டுமா?" என்று அவளைக் கேட்டான். அவள் என்னை ஒருமுறை பார்த்துவிட்டு, "வெளியே இருப்பார்" என்றாள்.

வெளியே ஒரு நாற்காலியில் இருபது நிமிடம் உட்கார்ந்திருந்தேன். எனக்கு அவமானமாக இருந்திருக்கும் என்று என் மனைவி நவமணி இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறாள். அப்படி இல்லை. எனக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பண விஷயத்தில் என்னிடம் யோசனை கேட்காதவரை என் மகளுக்கு நல்லது. கேட்ட பெண் ஒருத்தி சித்தூரில் இருக்கிறாள். என் அண்ணன் மகள் சுகிர்தா.

2

எனக்குப் பணத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். அறுபதுகளின் நடுவில் நவமணிக்கு இங்கே நர்ஸ் வேலை கிடைத்தது; நான் நர்ஸின் புருஷனாகக் கப்பலேறியவன். பிறகு ஓர் ஆஸ்பத்திரி லேபில் வேலை கிடைத்தது. ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தடவி, நுண்ணோக்கியில் பார்த்து, எண்ணிச் சொல்வேன். அதில் என்னைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்த வீடு எப்படி வாங்கப்பட்டது, கடன் எத்தனை வருடம், கரண்டு பில் எந்த டப்பாவில் இருக்கிறது, எல்லாம் நவமணிக்குத்தான் தெரியும். என் சம்பளக் கவரை வெள்ளிக்கிழமை மாலை அவளிடம் கொடுத்துவிட்டு, பஸ்ஸுக்குச் சில்லறை வாங்கிக்கொள்வேன். அதில் எனக்கு ஒரு குறையும் இருந்ததில்லை.

சித்தூர் பஸ் ஸ்டாண்டில் இறங்கிவிட்டால் கதையே வேறு. ஒன்பது மணி நேரம் விமானத்தில் உட்கார்ந்ததிலேயே எனக்குப் பொருளாதாரம் வந்துவிட்டதென்று எங்கள் சபையார் முடிவு செய்துவிடுவார்கள். ஞாயிறு ஆராதனை முடிந்து வெளியே வந்தால், அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்த பையன்களும் பெண்களும் சுற்றி நிற்பார்கள். எங்கள் பிள்ளைகளுக்கு வேறு யார் இருந்தார்கள்? அப்பன்மார்கள் கம்பவுண்டர், வாத்தியார், சர்க்கரை ஆலை குமாஸ்தா. சம்பளம் வாங்கத் தெரியும்; மிச்சம் என்று ஒன்றைப் பார்த்ததில்லை. பாங்குக்குள் போனால் தெலுங்கில் ஒரு படிவத்தைக் கொடுத்து, "ராசி தீஸ்கோனி ரா", எழுதிக்கொண்டு வா, என்று அனுப்பிவிடுவார்கள். எதை எதில் போடுவது என்று அங்கே யாரும் உட்கார வைத்துச் சொன்னதில்லை. ஆக, மிச்சமிருந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் போதகர், அவரை நாங்கள் ஐயர் என்போம். இன்னொருவன் லீவில் வந்த நான்.

"அங்கிள், இன்சூரன்ஸ் போடலாமா?"

"போடு, போடு."

"வரதய்யபாளையம் பக்கம் ரெண்டு ஏக்கரா நெலம் வருது அங்கிள். சீப்பா சொல்லிக்கினு கீறாங்க."

"வேணாம். நிலத்துல காசை முடக்காதே."

ஏன் வேண்டாம் என்று எனக்கே தெரியாது. எங்கேயோ பேப்பரில் படித்த ஒரு வரி. தெரியாது என்று சொல்ல வாய் வரவில்லை. லீட்ஸில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. வருடக்கணக்கில் ஒருவரும் கேட்காத மனிதனிடம் பத்து பேர் வரிசையில் நின்று கேட்டால் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். நன்றாக இருந்தது. அதுதான் உண்மை.

3

எழுபதுகளின் பிற்பகுதியில் ஒரு லீவில்தான் சாலமோன் பைனான்ஸ் கம்பெனி ஆரம்பித்தான். சாலமோன் எங்கள் ஆசீர்வாதம் வாத்தியாரின் மகன். எனக்கு அ, ஆ எழுதக் கையைப் பிடித்துச் சொல்லிக்கொடுத்தவர் அந்த வாத்தியார். பஜார் தெருவில் ஒரு மாடியைப் பிடித்து, கண்ணாடிக் கதவு போட்டு, தாத்தா பெயரை வைத்திருந்தான். போட்ட பணத்துக்குப் போஸ்ட் ஆபீஸ் கொடுப்பதைப் போல் இரண்டு மடங்கு வட்டி, அதையும் மாதாமாதம் கையில் கொடுப்பான் என்று பேச்சு.

எங்கள் ஜனங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. வீடு கட்டினாலும், கடை திறந்தாலும், புது சைக்கிள் வாங்கினாலும்கூட ஐயரைக் கூப்பிட்டு ஜெபம் செய்த பிறகுதான் தொடுவோம். அது முடிந்ததும் கைராசிக்காரர் ஒருவரை வைத்து போணி செய்ய வேண்டும். முதல் காசு அவர் கையால் விழ வேண்டும். ஜெபம் சபை வழக்கம், போணி பஜார் வழக்கம். எங்களுக்கு இரண்டும் வேண்டும், இரண்டிலும் நம்பிக்கை உண்டு. அன்றைக்குக் கைராசிக்காரர் நான்.

எனக்குத் தெரியாமலே முடிவு செய்திருந்தார்கள். ஐயர் உருக்கமாக ஜெபித்தார். பாடகர் குழு பாடியது. அதில் இரண்டாவது வரிசையில் சுகிர்தா நின்றாள். அப்போது அவளுக்குப் பதினேழு பதினெட்டு வயது. அண்ணன் யோசுவா வரவில்லை. மிஷன் ஆஸ்பத்திரியில் கம்பவுண்டர். அவனுக்கு அன்று டூட்டி. சாலமோன் எனக்குச் சால்வை போட்டு, "சீமையிலர்ந்து வந்த எங்க அங்கிள் கையால போணி" என்று அறிவித்தான். எல்லோரும் கை தட்டினார்கள்.

நான் சட்டைப் பையைத் தொட்டேன். பை காலி. பணமெல்லாம் வழக்கம்போல நவமணியிடம், வீட்டில். சாலமோன் சாமர்த்தியக்காரன். என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டு, கை குலுக்குகிற சாக்கில் ஒரு நூறு ரூபாய் நோட்டை என் உள்ளங்கையில் வைத்தான். அதை வாங்கி அவனிடமே கொடுத்தேன். அவன் அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, என் பெயரில் ரசீது எழுதினான். எண் ஒன்று. ஸ்டூடியோக்காரர் படம் பிடித்தார். "ரசீதை இங்கயே வெச்சிக்கிறேன் அங்கிள், ராசியா இருக்கும்" என்றான். எனக்கென்ன, வைத்துக்கொள் என்றேன்.

அவன் பணத்தை அவனுக்கே கொடுத்த அந்த விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை. அப்போது அது சொல்லவேண்டிய விஷயமாகவும் தோன்றவில்லை. சுற்றி நின்ற இளசுகள் அன்று எதைப் பார்த்தார்கள் என்பது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது. ஐயர் ஜெபித்தார், சீமைக்காரர் பணம் போட்டார். இதற்குமேல் ஒரு பிள்ளை யாரிடம் போய் யோசனை கேட்க வேண்டும்?

4

மூன்று வருடம் கழித்து அண்ணன் யோசுவா செத்துப்போனான். டூட்டியில் மருந்து கலந்துகொண்டிருக்கும்போதே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தானாம். தந்தி வந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. நான் இங்கே ஒரு நாள் லீவு கேட்டேன். அண்ணனுக்கு அரை நாள்தான் கொடுப்போம் என்று அலுவலகத்தில் சட்டப் புத்தகத்தைக் காட்டினார்கள். அந்த அரை நாளில் நான் சமையலறையில் உட்கார்ந்து உருளைக்கிழங்கு உரித்தேன்.

அடுத்த இரண்டாவது மாதம் சுகிர்தாவின் ஏரோகிராம் வந்தது. அவள் படித்தது தெலுங்குப் பள்ளிக்கூடம்; தமிழ் எழுத்து ஞாயிறு பள்ளியில் கற்றது. பேசுகிறமாதிரியே எழுதுவாள்; அப்பாவை நைனா என்பாள்.

"சித்தப்பா, நைனா வேலை செஞ்சதுக்கு ஆஸ்பத்திரியில குடுக்கற பணம் வந்துச்சி. போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வெச்சிக்கீறேன். வர்ற வருசம் திருப்பதில டீச்சர் டிரெய்னிங் சேரணும். அந்தப் பணத்துல பீஸு கட்டிடலாம். ஆனா நான் ரெண்டு வருசம் அங்க போய்ட்டா அம்மா இன்னாத்த துன்னும்? சாலமோன் அண்ணங்கிட்ட போட்டா மாசா மாசம் வர்ற வட்டியில அம்மா சாப்பாடு ஓடிடும்னு அல்லாரும் சொல்றாங்க. போடறதா வாணாமா? அம்மாக்கு ஒண்ணும் தெரியல. நைனா இருந்தா நைனாவக் கேப்பேன். நீங்க சொல்றதுதான்."

ஐயரிடமும் கேட்டாளாம். அவர், "உங்க சித்தப்பாவையே கேளும்மா, அவர்தான் விஷயம் தெரிஞ்சவர்" என்று சொல்லிவிட்டார்.

நவமணியிடம் கடிதத்தைக் கொடுத்தேன். அவள் டூட்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். நின்றபடியே படித்துவிட்டு, "இதுல யோசிக்க என்ன இருக்கு? போஸ்ட் ஆபீஸ்லயே இருக்கட்டும், எனக்கு வட்டி விவகாரம் தெரியாதுன்னு ரெண்டு வரி எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

இரண்டு வரி. அந்த இரண்டு வரியை எழுத நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வேண்டாம் என்று எழுதினால், நீங்களே போட்டிருக்கிறீர்களே சித்தப்பா, எனக்கு மட்டும் ஏன் வேண்டாம் என்று கேட்பாள். அந்த நூறு ரூபாய்க் கதையைச் சொல்ல வேண்டிவரும். அது அண்ணி காதுக்குப் போய், சபைக்குப் போய், வாத்தியார் காதுக்குப் போகும். எழுபது வயது மனிதர், என் கையைப் பிடித்து எழுதவைத்தவர். அவர் மகனை நம்பாதே என்று என் கையாலேயே எழுதுவதா? போடு என்று எழுதவும் கை வரவில்லை. நான் தடுத்து, மற்றவர்களுக்கெல்லாம் நல்ல வட்டி கிடைத்தால் கெடுத்தவன் நானாவேன்; போடச் சொல்லிப் பணம் போய்விட்டாலும் நான்தான். எனக்கு உண்மையில் தெரியவில்லை. தெரியாது என்பதுதான் பதில். அந்தப் பதிலை எழுதினால் இத்தனை வருடம் சபை வாசலில் நின்று நான் அளந்ததெல்லாம் என்ன என்று ஆகிவிடும்.

ஏரோகிராமை எடுத்து, இங்கே குளிர் அதிகம், ஷீலாவுக்கு ஜலதோஷம், என்று பாதி எழுதினேன். மிச்சத்தை ஞாயிற்றுக்கிழமை எழுதலாம் என்று சமையலறை அலமாரியில் வைத்தேன். அப்படி ஆறு ஞாயிறு போனது. தினமும் காலையில் டீத்தூள் டப்பாவை எடுக்கும்போது அது கண்ணில் படும். தள்ளி வைத்துவிட்டு டீயைப் போட்டுக் குடித்துவிட்டு லேபுக்குப் போவேன். யாரோ முகம் தெரியாதவர்களின் ரத்தத்தைப் பார்த்து, உள்ளது உள்ளபடி எழுதிக் கையெழுத்துப் போடுவேன்.

ஏழாவது வாரம் அவளுடைய அடுத்த கடிதம் வந்துவிட்டது.

"சித்தப்பா, உங்களுக்கு வேலை ஜாஸ்தி போல. நானே சாலமோன் அண்ணன் ஆபீஸுக்குப் போய்ப் பாத்தேன். உங்க ரசீதுக்குப் பிரேம் போட்டு செவுத்துல மாட்டி வெச்சிக்கீறாரு. பக்கத்துலயே நீங்க பணம் குடுக்கற போட்டோவும் கீது. இன்னும் நீங்க எடுக்கலியாமே? அப்புறம் எனக்கு இன்னா பயம்? நைனா பணத்தை அல்லாத்தையும் போட்டுட்டேன்."

அந்தக் கடிதத்துக்கு நான் உடனே பதில் எழுதினேன். உடனே எடுத்துவிடு என்று எழுதியிருக்கலாம். எழுதவில்லை. ஒரு வருடம்தானே, ஒரு வருடம் தாங்காதா என்று கணக்குப் போட்டேன். சந்தோஷம், ஜாக்கிரதையாக இரு, ஜெபித்துக்கொள்கிறோம் என்று எழுதினேன்.

5

எட்டு மாதம் தாங்கியது. ஒரு திங்கட்கிழமை சாலமோன் கண்ணாடிக் கதவைத் திறக்கவில்லை. வேர்க்கடலை மில்காரருக்கும் லாரிக்காரர்களுக்கும் கொடுத்தது திரும்பவில்லை என்றார்கள். பெங்களூர் பக்கம் போய்விட்டான் என்றார்கள். வாத்தியார் அதற்குப் பிறகு ஆராதனைக்கு வருவதில்லை என்று ஐயர் எழுதியிருந்தார். "முதல் பணம் உங்களுடையது என்பதால் ஜனங்கள் உங்களைத்தான் விசாரிக்கிறார்கள்" என்றும் எழுதியிருந்தார். நோகாமல்தான் எழுதியிருந்தார். ஜெபித்த அவரையும் விசாரித்திருப்பார்கள்.

சித்தூருக்கு டிரங்க் கால் புக் செய்தேன். அண்ணன் வேலை செய்த ஆஸ்பத்திரி ஆபீஸுக்குத்தான் போன். சுகிர்தாவைக் கூட்டிவரச் சொல்லி, லைன் கிடைத்து, இரைச்சலுக்கு நடுவில் அவள் குரல் வந்தபோது எனக்கு மூன்று நிமிடம் இருந்தது.

"சித்தப்பா, உங்க பணமும் போச்சா?" என்று கேட்டாள்.

அவளுக்கு அதுதான் முதல் கவலை. "என்னை விடும்மா, உனக்கு..." என்று ஆரம்பித்தேன். "பாவம் நீங்க. அவ்ளோ தூரத்துலர்ந்து குளிர்ல சம்பாதிச்சது" என்றாள். இன்னும் ஏதோ சொன்னாள், கேட்கவில்லை. மூன்று நிமிடம் முடிந்துவிட்டது என்று ஆப்பரேட்டர் சொன்னார்.

இதைப் படிக்கிற உங்களுக்கு ஒரு கேள்வி வரும். சீமையில் உட்கார்ந்திருக்கிற சித்தப்பன் அந்தப் பணத்தைக் கட்டித் தொலைத்திருக்கக் கூடாதா என்று. நவமணியும் அதைத்தான் சொன்னாள். வீட்டுக்கடனுக்கு வைத்திருந்ததை எடுத்து, டிரெய்னிங் பீஸுக்கு டிராஃப்ட் எடுத்துக் கொடுத்ததே அவள்தான். அந்த டிராஃப்ட் சித்தூர் பாங்குக்குப் போனது. வெளிநாட்டு டிராஃப்டை இங்கே மாற்ற முடியாது, மெட்ராஸுக்கு அனுப்ப வேண்டும் என்றார்கள். மெட்ராஸிலிருந்து, அனுப்பியவருக்கும் பெறுபவருக்கும் என்ன உறவு என்று ஒரு படிவம் வந்தது. அண்ணன் மகள் என்று எழுதி நான் இங்கே ஒரு வக்கீலிடம் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். தகப்பனே பணம் அனுப்பக்கூடாதா என்று மறுபடி கேட்டார்கள். தகப்பன் செத்துப்போனதற்குச் சர்டிபிகேட் அனுப்பினாள். பணம் அவள் கையில் விழுந்தபோது திருப்பதியில் அட்மிஷன் முடிந்து வகுப்பு தொடங்கியிருந்தது. அடுத்த வருடம் போனால், வயது வரம்பு இரண்டு மாதத்தில் தாண்டிவிட்டது. அந்தப் பணம் அண்ணியின் கண் ஆபரேஷனுக்கு ஆனது. சுகிர்தா அப்பன் வேலை செய்த ஆஸ்பத்திரியிலேயே வார்டு உதவியாளாகச் சேர்ந்தாள். படுக்கை விரிப்பு மாற்றுகிற வேலை.

6

போன வருடக் கடைசியில் எனக்கு இந்தியாவிலிருந்து ஒரு பழுப்புக் கவர் வந்தது. சாலமோன் கம்பெனியின் சொத்தை விற்று, போட்டவர்களுக்குப் பங்கிட்டுக் கொடுக்கத் திருப்பதியில் ஒருவரை நியமித்திருந்தார்கள். உரியவர் நேரில் வரவேண்டும், உள்ளூர் சாட்சி ஒருவரைக் கூட்டிவரவேண்டும். படிவம் முழுக்கத் தெலுங்கு. சித்தூரில் பிறந்தவன் நான். எழுத்துக் கூட்டிப் படிக்க ஒரு மாலை முழுக்க ஆனது. ஷீலா எட்டிப் பார்த்து, "தமிழா டாடி?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். விளக்கம் சொல்லத் தெம்பில்லை.

லீவு போட்டுப் போனேன். சாட்சியாக வந்தது சுகிர்தா. அவளுக்கும் அங்கே காரியம் இருந்தது; அவளுடைய விண்ணப்பமும் அதே ஆபீஸில்தான் கிடந்தது. சித்தூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மொட்டைத் தலைக் கூட்டத்துக்குள் புகுந்து, ஒரு லாட்ஜுக்கு மேலே இருந்த அந்த ஆபீஸ் மாடியை ஏறினோம். எனக்கு மூச்சு வாங்கியது. அவளுக்கு எந்தப் படி உடைந்திருக்கிறது என்பதுகூடத் தெரிந்திருந்தது.

"எத்தனை தடவை வந்திருக்கேம்மா?"

"எண்ணல சித்தப்பா. மொதல்ல மாசாமாசம் வந்துக்கினு இருந்தேன். இப்போ லீவு கெடைச்சா வருவேன்."

குமாஸ்தா என் பாஸ்போர்ட்டைப் பார்த்ததும் எழுந்து, "ரண்டி சார், கூர்ச்சோண்டி" என்று நாற்காலியைத் தள்ளிப்போட்டார். சுகிர்தா நின்றாள். எனக்கு வந்த தெலுங்கில் ஏதோ சொல்லப்போய்த் தடுமாறினேன், அவள்தான் பேசினாள். குமாஸ்தா பேரேட்டைப் புரட்டி, சந்தோஷமாகத் தலையாட்டினார். முதலில் சின்னத் தொகைக்காரர்களை முடித்துவிட உத்தரவாம். நூறு ரூபாய் என்பதால் எனக்கு முழுசாகவே கிடைத்துவிடுமாம். இன்றைக்கே.

"இவளோடது?" என்று கேட்டேன்.

"நீதி இங்கா டைம் படுதுந்தம்மா" என்று அவர் அவளிடமே சொன்னார். உன்னுடையதற்கு இன்னும் நாளாகும் என்று. கடனுக்குப் பிடித்த வேர்க்கடலை மில் கட்டடத்தை விற்க வேண்டும், அதில் வழக்கு இருக்கிறது, வழக்கு எப்போது முடியும் என்று சொல்ல முடியாது. அவள் தலையாட்டினாள். இதை மனப்பாடம் ஆகும் அளவுக்குக் கேட்டவள்.

ஒரு நூறு ரூபாய் நோட்டை எண்ணுவதுபோல இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்து என்னிடம் கொடுத்தார். நான் கையெழுத்துப் போட்டேன். அதற்குக் கீழே, இவர் பணம் இவருக்குக் கிடைத்தது என்பதற்குச் சாட்சியாக சுகிர்தா கையெழுத்துப் போட்டாள். அண்ணனுடைய எழுத்து அப்படியே அவளுக்கு. வாங்கமாட்டேன் என்று நான் எழுந்து கத்தியிருக்க வேண்டும். கத்தவில்லை. சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன்.

படி இறங்கும்போதுதான் சொன்னேன். நடுப்படியில் நின்று, சுவரைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் சொன்னேன்.

"இது என் பணம் இல்லம்மா. அன்னிக்கு என் பையில ஒண்ணுமே இல்ல. சாலமோன் என் கையில வெச்சதைத்தான் திருப்பி அவன்கிட்ட குடுத்தேன். நான் ஒரு பைசா போட்டதில்ல."

அவள் இரண்டு படி கீழே நின்றாள். திரும்பிப் பார்த்தாள். "நீங்க குட்த்தத நான் பாத்தேனே சித்தப்பா" என்றாள், மெதுவாக. நான் பொய் சொல்கிறேனோ என்று நினைத்ததுபோல இருந்தது. பிறகு அது அவளுக்குப் புரிவதை அவள் முகத்தில் நான் பார்த்தேன். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டினால் நன்றாக இருந்திருக்கும். அவள் முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு, "சித்தூர் பஸ்ஸு வந்துடும், வாங்க" என்று இறங்கிப் போனாள். நோட்டை அவளிடம் நீட்டினேன். வாங்கி, இருவருக்கும் டிக்கெட் எடுத்து, மிச்சத்தை ஒரு பைசா குறையாமல் என் பையில் போட்டாள்.

7

பஸ் ஸ்டாண்டில் சுகிர்தாவைப் பார்த்து ஒரு பெண் ஓடிவந்தாள். கிருபா என்று பெயர். ஆஸ்பத்திரியில் நர்ஸாகப் புதிதாகச் சேர்ந்தவள். திருச்சானூரில் பெரியம்மா வீட்டுக்கு வந்துவிட்டுச் சித்தூர் திரும்புகிறாள். இருபது இருபத்தொன்று வயதிருக்கும். நான் யார் என்று சுகிர்தா சொன்னதும் அவள் கண் அகல விரிந்தது.

"அக்கா சொல்லுவாங்க அங்கிள், சித்தப்பா சீமையில கீறாருன்னு. நல்ல டைமுல பாத்தேன். எனக்கு மொத மூணு மாச சம்பளத்தை ஒண்ணா குடுத்தாங்க. வீட்ல ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. எதுல போட்டா நல்லது அங்கிள்?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்ல நினைத்தேன் என்று இப்போது யோசித்தாலும் தெரியவில்லை. பழக்கத்தில் வாய் தானாகத் திறந்தது என்றுதான் நினைக்கிறேன். நான் பேசுவதற்குள் சுகிர்தா சொன்னாள். குரலில் கோபம் இல்லை, கேலியும் இல்லை. மழை வருகிறது, குடையை எடுத்துக்கொள் என்று சொல்கிற குரல்.

"சித்தப்பாக்கு அதெல்லாம் தெரியாதுடி. அவரக் கேக்காத. போஸ்ட் ஆபீஸ்ல போட்டு வெய்யி. நாளைக்கு லஞ்ச்ல வா, பாரம் நான் எழுதித் தர்றேன்."

எனக்கு வலித்தது. இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அவள் சொன்னது சரி. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்த்து நானும் சொன்னேன். அண்ணன் மகளுக்கு ஒரு ஏரோகிராமில் எழுத முடியாததை, யாரென்றே தெரியாத ஒரு பெண்ணிடம், பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு சொன்னேன்.

"ஆமாம்மா. எனக்குத் தெரியாது. நிஜமாவே ஒண்ணும் தெரியாது."

கிருபா என்னை மேலும் கீழும் பார்த்தாள். என் கோட்டு, என் கைக்கடிகாரம், என் ஷூ. பிறகு சிரித்தாள். சுகிர்தாவின் தோளைப் பிடித்துத் தன் பக்கம் இழுத்து, எனக்கும் கேட்கிறமாதிரியே சொன்னாள்.

"பெரிய மன்சங்க அல்லாரும் இப்டித்தாங்க்கா சொல்லுவாங்க. நீ அப்பால கேட்டு எனக்குச் சொல்லு."